பின்புலம் மங்கும்போது: செம்மேட்டில் ஒரு படி சாமை

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலையின் மேற்பரப்பை அடைகிறவர்களுக்கு முதலில் வாய்ப்பது குளிர், அடுத்து மூடுபனி, அதன் பிறகுதான் ஊர். செம்மேட்டுப் பேருந்து நிலையத்தருகே குதிரையோடு நிற்கும் வல்வில் ஓரியின் சிலையும் பனிக்காலக் காலைகளில் முழுதாகத் தெரிவதில்லை. முன்னங்கால்கள் தெரியும், வில் ஒரு கோடாகத் தெரியும், சிலைக்குப் பின்னே இருக்க வேண்டிய கடைகளும் மரங்களும் மலைவிளிம்பும் வெண்மைக்குள் கரைந்திருக்கும். ஒளிப்படக்காரர்கள் விலையுயர்ந்த லென்சுகளைக் கொண்டு செய்ய முயல்வதை இங்கே வானிலை செலவின்றிச் செய்து தருகிறது.

தை மாதத்துக் காலை ஒன்றில் நண்பர்கள் சிலர் செம்மேட்டுக்கு அருகே ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். அந்த ஆண்டு விளைந்த சாமையில் ஒரு படியை எங்களுக்காக எடுத்து வைத்திருந்தார் அவ்வீட்டு ஆயா. உமி நீக்காத சாமை. சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம். பழைய இரும்புப் படியின் விளிம்புக்கு மேல் கோபுரமாகக் குவிந்திருந்தது. காலை ஒளி பக்கவாட்டில் விழ, ஒவ்வொரு மணியும் தனித்தனியே மின்னியது. எங்களில் ஒருவர் கேமராவை எடுத்தார். 50 மி.மீ. லென்ஸ், துவாரத்தை முழுக்கத் திறந்து எஃப்/1.8 என வைத்தார். படம் அழகாகத்தான் வந்தது. படியின் விளிம்பும் தானியமும் கூர்மையாக நிற்க, பின்னால் எல்லாமே பச்சைப் பட்டுத்துணி விரித்ததுபோல் குழைந்திருந்தது.

கேமராவின் திரையில் ஆயாவுக்குக் காட்டினோம். நெடுநேரம் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "சாமை நல்லாத்தான் இருக்குது. பின்னாடி குச்சிக் கெழங்கு நின்னுச்சே, அது எங்க தம்பி போச்சு?"

இக்கட்டுரை அந்தக் கேள்விக்கு விடை தேடிச் சென்றதன் விளைவு. பின்புலத்தை மங்கலாக்குவது ஓர் உத்தி மட்டும்தானா, அல்லது ஒரு தீர்ப்பா? எதை மங்கச் செய்கிறோம், எந்த அளவுக்கு மங்கச் செய்கிறோம் என்பதை முடிவு செய்யும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது? இவ்வினாக்களுக்கு ஒளிப்படக்கலையின் வரலாற்றிலும் ஓரளவு விடை இருக்கிறது. கொல்லிமலையைப் பாடிய சங்கப் புலவர்களிடமும் இருக்கிறது.

அசையாதவற்றிலிருந்து தொடங்கிய கலை

ஒளிப்படக்கலை தன் பிறப்பிலேயே அசைவற்ற பொருள்களின் கலையாக இருந்தது. அதற்குக் காரணம் அழகியல் அன்று, வேதியியல். தொடக்ககால வெள்ளித் தகடுகளும் காகிதங்களும் ஒளியை மிக மெதுவாகவே உள்வாங்கின. பல நிமிடங்கள் அசையாமல் இருக்கக்கூடியவை கல்லும் சுதைச் சிற்பமும் பாத்திரமும் மட்டுமே. பிரான்சில் தாகெர் 1837இல் எடுத்த புகழ்பெற்ற படம், ஒரு கலைஞனின் அறையில் சாளர ஒளியில் வைக்கப்பட்ட சுதைச் சிற்பங்களையும் பிரம்பு சுற்றிய குப்பியையும் காட்டுவது. 1839இல் இக்கலை உலகுக்கு அறிவிக்கப்படுவதற்கு முன்பே அசையாப் பொருள்கள் அதன் முதல் மாதிரிகளாகிவிட்டன.

இங்கிலாந்தில் டால்பட் 1844 முதல் 1846 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட 'இயற்கையின் எழுதுகோல்' என்னும் நூலில் அடுக்குத் தட்டுகளில் வரிசையாக வைத்த பீங்கான் பாத்திரங்களின் படம் ஒன்று உண்டு. அதற்கு அவர் எழுதிய விளக்கம் நம் கவனத்துக்குரியது. இப்பொருள்களை ஒரு திருடன் கவர்ந்து சென்றால் இப்படமே நீதிமன்றத்தில் அவனுக்கு எதிரான வாய்பேசாச் சாட்சியாகலாம் என்பது அவர் கருத்து. அசையாப் பொருளின் படம் ஓர் அழகுப் பொருளாக மட்டுமன்றி ஒரு சான்றாகவும் இருக்க முடியும் என்பது கலையின் குழந்தைப் பருவத்திலேயே உணரப்பட்டிருந்தது. சான்று என்றால் எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். மங்கல் அங்கே குற்றம்.

ஆனால் மங்கலும் அதே காலத்தில்தான் உள்ளே நுழைந்தது. வியன்னாவில் கணிதப் பேராசிரியராக இருந்த பெட்ஸ்வால் 1840இல் கணக்கிட்டு வடிவமைத்த லென்ஸ், அதற்கு முந்தையவற்றைவிடப் பன்மடங்கு ஒளியை உள்ளே விட்டது. மனித முகங்களைப் படமெடுக்க வேண்டும், அதற்குக் காத்திருக்கும் நேரம் குறைய வேண்டும் என்பதே அதன் நோக்கம். அகன்ற துவாரத்துக்கு விலையாக நடுப்பகுதி மட்டும் கூர்மையாக நிற்க, ஓரங்களும் பின்புலமும் சுழன்று கரைந்தன. பின்புல மங்கலை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். வேகத்தைத் தேடிப் போனவர்களின் கையில் அது ஒரு பக்கவிளைவாக வந்து சேர்ந்தது. பக்கவிளைவு அழகாகிவிடுவது கலை வரலாற்றில் அரிய செய்தியன்று.

சென்னையில்: எல்லாம் தெளிவாக வேண்டும்

தமிழகத்தில் இக்கலை காலூன்றியது சான்றின் பக்கத்தில். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1857 டிசம்பர் தொடங்கி 1858இன் முற்பகுதி வரை மாட்டு வண்டிகளில் பெரும் கருவிகளை ஏற்றிக்கொண்டு திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் எனச் சுற்றினார். மெழுகு பூசிய காகித எதிர்ப்படங்களை இந்த நாட்டின் வெப்பத்தில் காப்பாற்றியது அவரது பெருந்திறன். தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டிச் சேர்த்து, 19 அடிக்கு மேல் நீளமான ஒற்றைப் படமாக்கினார். இராயக்கோட்டையும் அன்றைய சேலம் மாவட்டத்தின் பிற இடங்களும் அவரது தொகுப்பொன்றில் தனியே இடம்பெற்றன.

எங்களுக்கு இங்கே முதன்மையாகப் படுவது அவர் 1858இல் சென்னை அருங்காட்சியகத்தில் எடுத்த படங்கள். 1845இல் வால்டர் எலியட் அமராவதியில் அகழ்ந்தெடுத்த பௌத்தச் சிற்பங்கள் அப்போது சென்னையில் கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பதிவு செய்தார் டிரைப். நம் நாட்டில் எடுக்கப்பட்ட அசையாப்பொருட் படங்களின் முதல் பெருந்தொகுதிகளுள் ஒன்றாக இதனைக் கருதலாம். அடுத்த ஆண்டே அச்சிற்பங்களில் பெரும்பகுதி கப்பலேறி இலண்டனுக்குப் போய்விட்டது. 1859இல் ஆளுநராக வந்த டிரெவெலியன் இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று கருதி டிரைப்பின் பணியை நிறுத்தினார்.

அமராவதிச் சிற்பங்களின் படங்களில் ஒவ்வொரு தாமரை இதழும் படிக்கும்படி இருக்கிறது. தொழில்நுட்ப நோக்கில் மங்கல் இல்லை. ஆயினும் ஒன்று அறவே இல்லாமற் போயிருக்கிறது: அமராவதி. கிருஷ்ணை ஆற்றங்கரை இல்லை. தூபம் நின்ற மேடு இல்லை. கல் எந்தத் திசையை நோக்கி நின்றது என்பது இல்லை. பொருள் முழுத் தெளிவோடு இருக்கிறது. பொருளின் இடம் அழிந்துவிட்டது. இதற்கு டிரைப்பைக் குறை கூறுவதற்கில்லை. அவர் படமெடுக்கும் முன்பே கற்கள் இடம் பெயர்ந்திருந்தன. ஆயினும் பின்புலத்தை அழிக்க மங்கல்தான் வேண்டும் என்பதில்லை, இடப்பெயர்ச்சியே போதும் என்ற பாடத்தை இப்படங்கள் கற்பிக்கின்றன. டால்பட் சொன்ன சாட்சி இங்கே பாதிதான் பேசுகிறது.

மங்கலுக்கு வாதாடியவர்கள்

மங்கலைக் குற்றம் என்று கருதியவர்களுக்கு எதிராக முதலில் குரல் எழுப்பியவர்களுள் ஜூலியா மார்கரெட் கேமரன் ஒருவர். கல்கத்தாவில் 1815இல் பிறந்தவர். தம் 48ஆம் வயதில், 1863இல், மகள் பரிசாகத் தந்த கேமராவில் தொடங்கியவர். அவரது படங்கள் கூர்மையற்றவை என்று அன்றைய ஒளிப்படச் சங்கத்தினர் பழித்தனர். எது சரியான குவியம் என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது என்ற பொருளில் அவர் தம் நண்பரான அறிவியலாளர் ஹெர்ஷலுக்கு எழுதினார். 1875இல் கணவரோடு இலங்கைக்குக் குடிபெயர்ந்து, தோட்டங்களில் உழைத்தவர்களையும் தம் மென்குவியத்தில் பதிவு செய்து, 1879இல் அங்கேயே மறைந்தார். மங்கலுக்காக முதலில் வாதாடியவரின் கடைசிப் படங்கள் நம் அண்டைத் தீவின் ஒளியில் எடுக்கப்பட்டவை என்பதில் எங்களுக்கு ஓர் உறவுணர்ச்சி உண்டு.

அவரது உள்ளுணர்வுக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தவர் எமர்சன். 1889இல் வெளியான தம் நூலில், மனிதக் கண் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கூர்மையாகக் காண்பதில்லை, ஆகவே படத்திலும் முதன்மைப் பொருள் தெளிவாகவும் மற்றவை சற்றே மென்மையாகவும் இருக்க வேண்டும் என்றார். 'சற்றே' என்பது அவர் வாதத்தின் உயிர். பொருள்களின் கட்டமைப்பு சிதையும் அளவுக்கு மங்கலாக்குவதை அவர் ஏற்கவில்லை. ஒளிப்படம் கலையே அன்று என்று இரண்டே ஆண்டுகளுக்குள் தம் கொள்கையை அவரே கைவிட்டது தனிக்கதை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மென்மை அசையாப் பொருள்களின் மீது முழுமையாகப் படிந்தது. டி மெயர் எடுத்து 1908இல் 'கேமரா ஒர்க்' இதழில் வெளிவந்த கண்ணாடிக் குவளை மலர்ப் படங்களில் மேசையும் சுவரும் நீரும் ஒளியும் ஒன்றோடொன்று கரைகின்றன. இதற்கு நேர் எதிர்த்துருவத்தில் எட்வர்டு வெஸ்டன். 1930இல் அவர் எடுத்த முப்பதாம் எண்ணுள்ள குடமிளகாய்ப் படம் உலகப் புகழ் பெற்றது. ஒரு தகரப் புனலுக்குள் காயை வைத்து, மிகச் சிறிய துவாரத்தில் நெடுநேரம் ஒளியேற்றி, ஒவ்வொரு மடிப்பும் கூர்மையாகத் தெரிய எடுத்தார். 1932இல் அவரும் நண்பர்களும் தொடங்கிய குழுவின் பெயரே 'எஃப்/64'. லென்சின் மிகச் சிறிய துவாரத்தைக் குறிக்கும் எண்.

வெஸ்டனின் காய் கூர்மையின் உச்சம் என்று போற்றப்படுகிறது. உண்மைதான். ஆனால் அந்தத் தகரப் புனல் செய்வதென்ன? சந்தையை, தோட்டத்தை, சமையலறையை எல்லாம் நீக்கிவிட்டுக் காயை இடமற்ற இடத்தில் நிறுத்துகிறது. டி மெயர் மங்கலால் செய்ததை வெஸ்டன் புனலால் செய்தார். எதிரெதிர் முகாம்கள் என்று நாம் படிக்கும் இரண்டும் இந்த ஒரு புள்ளியில் சந்திக்கின்றன.

இருவருக்கும் நடுவே ஒரு வழியைக் காட்டியவர் பிராகு நகரத்து ஜோசப் சுடெக். முதல் உலகப்போரில் வலக்கையை இழந்தவர். 1940 முதல் 1954 வரை தம் சிறு பணிக்கூடத்தின் சாளரத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுத்தார். விளிம்பில் ஒரு கண்ணாடிக் குவளையோ ஒரு மலரோ இருக்கும். சாளரக் கண்ணாடியில் ஆவி படர்ந்திருக்கும். அதற்கப்பால் முற்றத்து மரம் ஒன்று வளைந்து நிற்கும். கோடாக, நிழலாக, ஆனால் மரமாகவே. தொடர் தொடங்கியபோது அந்நகரம் நாஜி ஆக்கிரமிப்பின் கீழ் இருந்தது. வெளியே செல்ல முடியாதவனின் கண்ணுக்கு வெளியுலகம் எவ்வாறு இருக்குமோ அவ்வாறே அப்பின்புலம் இருக்கிறது. அங்கே மங்கல் எதையும் மறைக்கவில்லை, தொலைவைச் சொல்கிறது.

பெயர் வந்தது, பொறியும் வந்தது

மங்கலின் தன்மையைக் குறிக்கும் சொல் ஜப்பானியர்களிடம் இருந்தது: 'பொக்கே'. மங்கல் என்ற பொருளோடு, முதுமையில் நினைவு மழுங்குவதையும் அச்சொல் குறிக்கும் என்பர். 1997இல் அமெரிக்க ஒளிப்பட இதழ் ஒன்றின் ஆசிரியரான மைக் ஜான்ஸ்டன் இதுபற்றிய கட்டுரைகளை வெளியிட்டு, ஆங்கில எழுத்துக்கோவையையும் வகுத்துத் தந்த பின் அது உலகச் சொல்லாயிற்று. 2016இல் ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோன் 7 பிளசில் கணக்கீட்டின் மூலம் பின்புலத்தை மங்கச் செய்யும் வசதியைத் தந்தது. அடுத்த ஆண்டு கூகுளின் பிக்சல் 2, பின்புறத்து ஒற்றை லென்சைக் கொண்டே அதனைச் செய்தது. அன்று முதல் மங்கல் ஒளியியலின் விளைவாக மட்டுமன்றி ஒரு கணிப்பாகவும் ஆயிற்று. எது முன், எது பின் என்று பொறி முடிவு செய்கிறது. முகங்களில் பெரும்பாலும் சரியாகச் செய்யும் அப்பொறி, கண்ணாடி விளிம்பிலும் தானியக் கதிரின் மெல்லிய தூவிகளிலும் தடுமாறுவதைப் பலரும் கண்டிருக்கலாம். கதிரின் பாதியைப் பின்புலம் என்று கருதி அழித்துவிடுகிறது.

கொல்லியைப் பின்னே வைத்தவர்கள்

இனி மலைக்குத் திரும்புவோம். பின்புலத்தை என்ன செய்வது என்ற கேள்வியை நம் முன்னோர் கேமரா இன்றியே எதிர்கொண்டிருக்கிறார்கள்.

ஓரியின் வில்லாற்றலைப் பாடிய வன்பரணரின் புறப்பாடல் நமக்குத் தெரியும். ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கடந்து, மானையும் பன்றியையும் உருவி, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. ஒளிப்படக்காரர் கண்ணால் பார்த்தால் இது எஃப்/64. அருகிலிருப்பது முதல் கடைசியிலிருப்பது வரை ஒரே கோட்டில் எல்லாம் கூர்மை. புகழ்பாடும் புறத்துக்கு அது பொருந்துகிறது.

அகம் அவ்வாறு செய்வதில்லை. அகநானூற்றின் 209ஆம் பாடலைப் பாருங்கள், கல்லாடனார் பாடியது. பொருள் தேடிப் பிரிந்த தலைவனை எண்ணி வருந்தும் தலைவிக்குத் தோழி ஆறுதல் சொல்கிறாள். உன் அழகை அவர் மறந்திருக்க மாட்டார் என்பதே செய்தி. அந்த அழகுக்கு உவமை கொல்லிப்பாவை. பாவையைச் சொல்ல வேண்டுமானால் கொல்லியைச் சொல்ல வேண்டும். அங்கே பலா பழுக்கிறது. கொல்லியைச் சொன்னால் அது யாருடையது என்பதையும் சொல்ல வேண்டும். முள்ளூர் மன்னன் காரி, ஓரியைக் கொன்று அம்மலையைச் சேரர்க்குக் கொடுத்தான். ஒரு பெண்ணின் அழகுக்குப் பின்னே ஒரு மலை. மலைக்குப் பின்னே ஒரு தெய்வப் பாவை. அனைத்துக்கும் பின்னே ஒரு கொலை.

தமிழின் தொடரமைப்பு இதற்கு உதவுகிறது. அடைகள் எல்லாம் முன்னால் வந்து, பெயர் கடைசியில் வரும். பின்புலம் முதலில் விரிந்து, இறுதியில் முன்னணிப் பொருள் துலங்குகிறது. பாடலைப் படித்து முடிக்கும்போது நம் மனத்தில் கூர்மையாக நிற்பவள் தலைவி. ஓரியின் சாவு மங்கித்தான் இருக்கிறது. ஆனால் அழிக்கப்படவில்லை. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று வகுத்து, பாடலுள் வரும்போது ஒன்றைவிட மற்றொன்று சிறக்கும் என்று தொல்காப்பியம் சொல்வதை இந்த நோக்கில் படிக்கலாம் என்று தோன்றுகிறது. உரிப்பொருள் சிறக்க வேண்டும் என்பதற்காக நிலத்தையும் பொழுதையும் நீக்கிவிடச் சொல்லவில்லை இலக்கணம். படிநிலையை மட்டுமே சொல்கிறது.

ஓரியைக் காரி கொன்றதையும் கொல்லி சேரர் கைக்குச் சென்றதையும் இன்று வரலாற்றாசிரியர்கள் எழுத முடிவதற்கு இத்தகைய அகப்பாடல்களும் சான்று. ஒரு காதல் பாடலின் பின்புலத்தைப் புலவர் துடைத்தெறிந்திருந்தால், ஆடி மாதம் செம்மேட்டில் எடுக்கப்படும் ஓரி விழாவுக்குப் பின்னேயுள்ள வரலாறு அந்த அளவுக்கு மெலிந்திருக்கும். காற்றும் மழையும் இடியும் தாக்கினாலும் வடிவு கெடாதவள் கொல்லிப்பாவை என்பது சங்கப் புலவர் வாக்கு. பின்புலமும் மங்கலாம், வடிவு கெடக்கூடாது.

சாமையும் கிழங்கும்

ஆயாவின் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். படத்தில் காணாமற்போன குச்சிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, அங்கே தற்செயலாக நின்ற செடி அன்று.

தென்னமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் வழியே வந்த இக்கிழங்கு, திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாளின் ஊக்கத்தால் மக்கள் உணவாயிற்று. இரண்டாம் உலகப்போரில் தென்கிழக்காசியாவிலிருந்து வந்துகொண்டிருந்த சவ்வரிசி நின்றுபோகவே, 1943ஐ ஒட்டிச் சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து சவ்வரிசி செய்யும் தொழில் தொடங்கியது. ஆலைகள் பெருகின. 1981இல் அத்தொழிலுக்கெனச் சேலத்தில் கூட்டுறவுச் சங்கமும் அமைந்தது. ஆலைகளின் பசிக்குச் சமவெளி மட்டும் போதவில்லை. சாலை ஏறிய மலைகளுக்கும் கிழங்கு ஏறியது. கொல்லிமலையில் சாமையும் தினையும் பனிவரகும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் பெரும்பகுதி மரவள்ளிக்கு மாறியது.

இதனை ஒரு வீழ்ச்சிக் கதையாக மட்டும் சொல்வது எளிது. வெளியிலிருந்து வருகிற எங்களைப் போன்றோர் அப்படித்தான் சொல்ல விரும்புவோம். ஆனால் சாமையை உண்ணும் நிலைக்குக் கொண்டுவர, உரலில் இட்டுக் குத்தி, புடைத்து, மீண்டும் குத்த வேண்டும். அவ்வுழைப்பு முழுவதும் பெண்களின் தோளில் இருந்தது. கிழங்கோ பிடுங்கி லாரியில் ஏற்றினால் கையில் காசு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களின் நடுப்பகுதியிலிருந்து இம்மலையில் சிறுதானியங்களை மீட்கும் பணியில் இறங்கியபோது, விதைகளைக் காப்பதோடு உமி நீக்கும் இயந்திரங்களையும் ஊர்களுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது இதனால்தான். 2023ஐ ஐ.நா. பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நகரத்து அங்காடிகளில் சாமை அழகிய பைகளில் வந்தது. அப்பைகளின் மேலுள்ள படங்களைக் கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் ஒரு மரக்கிண்ணம், குவிந்த தானியம், பின்னே இன்னதென்று தெரியாத பச்சை மங்கல். நாங்கள் திண்ணையில் எடுத்த படமும் அதுவே.

"இந்த வூடு கட்டுனதே அந்தக் கெழங்குலதான்" என்றார் ஆயா, எங்கள் முகம் மாறியதைப் பார்த்து. குற்றச்சாட்டாக அன்று, தகவலாக. வீட்டுக்குச் சாமை, விலைக்குக் கிழங்கு என்ற கணக்கில் அவருக்குக் குழப்பமில்லை. முன்னே இருப்பதற்கும் பின்னே இருப்பதற்கும் உள்ள உறவை அவர் அறிவார். எங்கள் படத்துக்குத்தான் அது தெரியவில்லை.

இரண்டாம் படம்

மீண்டும் எடுத்தோம். அப்போது நாங்கள் கண்டதைக் கணக்கோடு சொல்வது படமெடுக்கும் நண்பர்களுக்குப் பயன்படும்.

எங்கள் கேமராவின் உணரி 36 மி.மீ. அகலமுடையது. 50 மி.மீ. லென்சை ஒரு மீட்டர் தொலைவிலுள்ள படியின் மேல் குவித்து எஃப்/1.8இல் எடுத்தால், கூர்மையாக நிற்கும் ஆழம் ஏறத்தாழ 4 செ.மீ. மட்டுமே. படியின் முன்விளிம்பு தெளிந்தால் பின்விளிம்பு போய்விடும். அசையாப் பொருளைப் படமெடுப்பவர்கள் அடிக்கடி செய்யும் பிழை இது: பின்புலத்தை மங்கச் செய்யும் ஆசையில் பொருளையே பாதி இழப்பது. எஃப்/5.6க்கு வந்தால் அந்த ஆழம் ஏறத்தாழ 13 செ.மீ. அளவுக்கு விரியும். படி முழுதும் அதற்குள் அடங்கும்.

பின்புலத்தின் கணக்கு வேறு. பின்னாலுள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு வட்டமாக விரிகிறது. மங்கல் என்பது அவ்வட்டத்தின் அளவே. எஃப்/1.8இல் பின்சுவர் இரண்டு மீட்டரில் இருந்தால் வட்டம் உணரியில் 0.7 மி.மீ.; பத்து மீட்டரில் இருந்தால் 1.3 மி.மீ.; மலை பல கல் தொலைவில் இருந்தாலும் 1.5 மி.மீ.ஐத் தாண்டாது. அதாவது, பொருளைச் சுவரிலிருந்து சில அடிகள் முன்னே நகர்த்துவது பெரும் மாற்றத்தைத் தரும். ஆனால் ஓர் எல்லைக்குப் பின் தொலைவு கூடுவதால் மங்கல் கூடுவதில்லை. மலை பெரிது, ஆகவே 1.5 மி.மீ. வட்டத்தில் அது அழியாது. இலை சிறிது, அது அழியும். மங்கல் சிறியவற்றை விழுங்கிப் பெரியவற்றை விட்டுவைக்கிறது. வரலாற்றுக்கும் இப்பழக்கம் உண்டு என்பதை இங்கே எண்ணாமல் இருக்க முடியவில்லை.

மரவள்ளிச் செடி படியிலிருந்து இரண்டு மீட்டர் பின்னே, எங்களிடமிருந்து மூன்று மீட்டரில் நின்றது. கைவிரல்களைப்போல் விரியும் அதன் இலையின் ஒரு விரல் 4 செ.மீ. அகலம் என்றால், உணரியில் அது 0.7 மி.மீ. அளவில் விழும். எஃப்/1.8இல் அவ்விடத்தின் மங்கல் வட்டம் ஏறத்தாழ ஒரு மி.மீ. விரலைவிட வட்டம் பெரிது. ஆகவே விரல்கள் ஒன்றில் ஒன்று கலந்து வெறும் பச்சையாயின. எஃப்/5.6இல் வட்டம் 0.3 மி.மீ.ஆகச் சுருங்கியது. விரல்கள் பிரிந்தன. கூர்மையில்லை, நரம்புகள் தெரியவில்லை, ஆனால் அது மரவள்ளி என்பதை அச்செடியை அறிந்த எவரும் சொல்லிவிடலாம். அடையாளமாக இருக்க வேண்டிய உறுப்பின் அளவை விட மங்கல் வட்டம் சிறிதாக இருக்க வேண்டும். நாங்கள் கற்ற விதி இவ்வளவே. கதிரை அடையாளமாகக் கொண்டால் கதிரின் அகலம். வரப்பை அடையாளமாகக் கொண்டால் வரப்பின் அகலம். எது தெரிய வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு துவாரத்தைத் திருப்ப வேண்டும்.

பனி இன்னும் விலகவில்லை. மரவள்ளிக்கும் அப்பால் மிளகுக்கொடி படர்ந்த மரங்கள் இருந்தன; அவற்றைப் பனி எடுத்துக்கொண்டது. அதற்கு நாங்கள் பொறுப்பல்ல. லென்சின் மங்கலும் மலையின் மங்கலும் ஒன்றன்பின் ஒன்றாக, எமர்சன் சொன்ன 'சற்றே' என்னும் அளவில் நின்றன.

ஆயாவிடம் மீண்டும் காட்டினோம். திரையில் விரலை வைத்துச் சாமையைத் தொட்டார். பிறகு விரலைச் சற்று மேலே நகர்த்தினார். "ஆமா, இது நம்ம காடுதான்" என்றார்.

முதற்படம் எந்த ஊரிலும் எடுத்திருக்கக்கூடிய படம். இரண்டாவது இந்தத் திண்ணையில் மட்டும் எடுக்க முடிகிற படம். அழகில் முதற்படமே சிறந்தது என்று எங்களுள் ஒருவர் இன்றும் சொல்கிறார், அவரோடு வாதிடுவதில்லை. சேகரத்தில் வைத்துக்கொண்டது இரண்டாவதை. என்றாவது அச்சரிவில் மரவள்ளியும் மறைந்து வேறொன்று வரக்கூடும். அன்று இப்படத்தைப் பார்க்கும் ஒருவர், இந்த ஒரு படிச் சாமை எதன் நடுவே பிழைத்திருந்தது என்று அறிந்துகொள்ள அந்த மங்கிய இலைகள் போதும். கல்லாடனார் ஓரிக்குச் செய்ததில் ஒரு சிறு பங்கேனும் அக்கிழங்குச் செடிக்குச் செய்திருக்கிறோம் என்று எண்ணிக்கொள்கிறோம்.

அடுத்த முறை கொல்லிமலை ஏறும் நண்பர்கள் சந்தையில் பலாவையோ மிளகையோ மலைவாழையையோ படமெடுக்கலாம். துவாரத்தை முழுக்கத் திறக்கும் முன் ஒருமுறை பின்னே யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.